பூச்சியம்மாவும் கார்டு வீட்டு மரமும்

என் பெண்டாட்டிக்கு என்ன உத்தியோகம்னு யாராவது கேட்டா நான் பேச்சை மாத்திடுவேன். உங்க சட்டைக் காலர் ஏன் இப்படி ஒரு பக்கமா மடங்கி நிக்குதுன்னு திருப்பிக் கேட்பேன். நான் தையல்காரன். காலரைப் பத்திப் பேச ஆரம்பிச்சா எனக்கும் நேரம் போறது தெரியாது, கேட்டவருக்கும் கேட்டது மறந்துடும். வேற என்ன பண்றது? பூச்சி வளர்க்கிறாள்னு உண்மையைச் சொன்னா, பட்டுப்பூச்சியான்னு கேட்பாங்க. இல்லைங்க, மரத்தைக் கொல்ற பூச்சின்னா என்னை ஏற இறங்கப் பார்ப்பாங்க. இதுக்கெல்லாமா சம்பளம் குடுக்கிறாங்கன்னு அடுத்த கேள்வி வரும். குடுக்கிறாங்க. என் தையல் கடையை விட ஒழுங்கா வருது. அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரமாட்டேங்குது.

தெருவில அவளுக்குப் பேர் பூச்சியம்மா. அவளுக்கு அதில ஒரு வருத்தமும் கிடையாது. கூப்பிட்டா திரும்பிப் பார்ப்பாள்.

கல்யாணமான புதுசில வனத்துறை நாற்றுப் பண்ணையில தொட்டி கழுவத்தான் போனாள். அங்கே பைன் கன்றுகள் மேல வெள்ளை வெள்ளையா பஞ்சு மாதிரி ஒரு பூச்சி அப்பிக்கிட்டு இருக்கும். பஞ்சுப் பூச்சின்னுதான் எல்லாரும் சொல்வாங்க. சோப்புத் தண்ணியும் பழைய பல் பிரஷ்ஷும் வெச்சுக்கிட்டு இலை இலையா தேய்ச்சுக் கொன்னாள். மூணு வருஷம் அதே வேலை. அப்புறம் ஒரு அதிகாரி வந்தார், அவரைப் பூச்சி டாக்டர்னு கூப்பிடுவாங்க. காட்டில இருக்கிற ஒவ்வொரு மரத்தையும் பிரஷ் போட்டுத் தேய்க்க முடியுமா, இதைத் தின்கிற வண்டு ஒண்ணு இருக்கு, அதை வளர்த்துக் காட்டில விடலாம்னு பின்னாடி ஒரு கண்ணாடி வீடு கட்டினார். அந்த வண்டு எள்ளு மாதிரி இருக்கும், கறுப்பா. நாக்கு மட்டும் ரொம்ப நீளம். பஞ்சுப் பூச்சியைத் தவிர வேற எதையும் தொடாது. ஆக வண்டை வளர்க்கணும்னா பூச்சியையும் வளர்க்கணும். பூச்சி எங்கெங்கே ஒளிஞ்சிருக்கும், எப்போ எழும், எப்போ தூங்கும்னு யாருக்கு அத்துப்படின்னு பார்த்தார். கொலை பண்ணினவளையே ஆயாவா போட்டுட்டார்.

அன்னையிலிருந்து சாப்பாட்டு நேரத்தில எங்க வீட்டில பூச்சிப் பேச்சுதான். அந்தப் பஞ்சுப் பூச்சிக் கூட்டத்தில ஆம்பளையே கிடையாதாம். எல்லாம் பொம்பளைங்க. தனியாவே முட்டை போட்டு, தனியாவே குடும்பம் நடத்துமாம். "நிம்மதியான ஜென்மம்"னு அவள் சொல்லும்போது என்னை ஏன் பார்க்கணும்?

முட்டையிலிருந்து வெளிய வர்ற குஞ்சுக்குக் கால் உபயோகப்படறது ஓரிரு நாள்தான். கிளை மேல ஓடித் திரிஞ்சு, ஊசியிலை முளைக்கிற அடியில ஒரு இடம் பார்த்து உட்காரும். வாயில ஒரு நூல் இருக்கும், அதோட உடம்பை விட நீளமா. அதை மரத்துக்குள்ள விட்டுச்சுன்னா முடிஞ்சுது கதை, சாகிற வரைக்கும் அங்கே இருந்து நகராது. வெயில் காலம் பூரா தூக்கம். குளிர் வந்ததும் எழுந்து சாறு உறிஞ்சும். உறிஞ்ச உறிஞ்ச உடம்பு மேல வெள்ளையா பஞ்சு சுரக்கும், அதையே போர்த்திக்கிட்டு அதுக்குள்ளேயே முட்டை போடும்.

"உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்காம, நூல் விட்டுக்கிட்டு, துணியைப் போர்த்திக்கிட்டு, தின்னு தூங்குது. இது என்னைச் சொல்ற மாதிரி இருக்கே?" என்றேன்.

"நீங்க முட்டை போடறதில்லை. மத்தபடி சரிதான்" என்றாள்.

அவள் புடவையில ஒட்டி வர்றது பூச்சிப் பஞ்சு, என் சட்டையில ஒட்டியிருக்கிறது துணிப் பஞ்சு. எங்க வீட்டைப் பெருக்கினா எது யாருதுன்னு சொல்லவே முடியாது.

அவளுக்கு ஒரே மக, எனக்கும் அதே மகதான். ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கிறாள். எல்லாரையும் மூச்சைப் பிடிங்க, விடுங்கன்னு மிரட்டுற வேலை. ஒரு நாள் பஸ் டெப்போ மெக்கானிக் ஒருத்தன் மணிக்கட்டு வீங்கி வந்திருக்கான். எலும்பு முறியலை. ஆனாலும் அவன் மறுபடி மறுபடி வந்தான். கடைசியில மக எங்ககிட்ட வந்து, "அவங்க அப்பாவை ஒரு தடவை போய்ப் பார்த்துப் பேசிட்டு வந்துடலாம்ப்பா" என்றாள். எனக்குச் சந்தோஷம். அவங்க அம்மா மட்டும் சரி சரின்னு தலையை ஆட்டிட்டு வேற எங்கேயோ பார்த்துக்கிட்டிருந்தாள்.

விஷயம் என்னன்னா, அந்தக் கோடை வெயில் கண்ணாடி வீட்டைப் பதம் பார்த்துடுச்சு. தொட்டிச் செடிகள்ல தூங்கிக்கிட்டிருந்த பஞ்சுப் பூச்சி அத்தனையும் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்துடுச்சு. அதுங்க தூங்கினாலும் செத்தாலும் பார்க்க ஒரே மாதிரி. குளிர் வந்தும் ஒண்ணுகூட எழுந்திருக்கலைன்ன பிறகுதான் தெரிஞ்சது. மண்பெட்டிக்குள்ள குளுகுளுன்னு படுத்திருந்த வண்டுங்க மட்டும் டாண்ணு எழுந்து வந்து, எங்கே சாப்பாடுன்னு நிக்குது. காட்டில பூச்சி விழுந்த மரத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆனா அங்கே போற மலைப்பாதை மழையில சரிஞ்சு கிடந்தது. சரி பண்ண ஒரு மாசத்துக்கு மேல ஆகும்னுட்டாங்க. அது வரைக்கும் வண்டு தாக்குப் பிடிக்கணும். பிடிக்கலைன்னா இந்த வருஷம் காட்டில விட ஒண்ணும் இருக்காது, அடுத்த வருஷத்துக்குக் குஞ்சு பொரிக்கவும் ஒண்ணும் இருக்காது. பல வருஷப் பாடு மொத்தமும் போயிடும்.

அவள் அந்த வாரம் சரியா சாப்பிடவே இல்லை. வண்டு பட்டினி கிடக்கும்போது எனக்கு எப்படி இறங்கும் என்றாள். எனக்கு இறங்கிச்சு. அதுக்கும் திட்டு வாங்கினேன்.

இந்த லட்சணத்திலதான் மகளையும் கூட்டிக்கிட்டு மாப்பிள்ளைப் பையன் வீட்டுக்குப் போனோம். அவன் அப்பா ரயில்வேயில கார்டா இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்ல அவருக்குப் பேரே கார்டுதான். சின்ன வீடு, துடைச்சு வெச்ச மாதிரி சுத்தம். சுவத்தில ஒரு கடிகாரம், அலமாரி மேல ஒரு கடிகாரம், கையில ஒண்ணு. நாங்க கொஞ்சம் தாமதம். மூணையும் ஒரு பார்வை பார்த்துட்டு, "பரவாயில்லைங்க, வழியில சிக்னல் கிடைக்கலை போல" என்றார். சிரிக்கணுமா மன்னிப்புக் கேட்கணுமான்னு எனக்குத் தெரியலை. கூடத்தில அவர் மனைவியோட படம் மாட்டியிருந்தது. காலமாகி ஏழெட்டு வருஷம் ஆச்சுன்னு மக ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

டீ வந்தது. நான் பையனோட சம்பளத்தைப் பத்தி எப்படி நாசூக்கா கேட்கறதுன்னு யோசிச்சுக்கிட்டிருந்தேன். பக்கத்தில பார்த்தா பெண்டாட்டியைக் காணோம். டம்ளர் மட்டும் இருக்கு. ஜன்னலுக்கு வெளியே, வாசல் பைன் மரத்தடியில நின்னு ஒரு கிளையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டிருக்காள். நாங்க எல்லாரும் பின்னாலேயே ஓடினோம்.

மரம் உச்சியிலிருந்து அடி வரைக்கும் வெள்ளை. ஒவ்வொரு குச்சியிலயும் அப்படியே பஞ்சு அடைச்சு வெச்ச மாதிரி.

"கடவுளே, என்ன ஒரு செழிப்பு" என்றாள். கண்ணில தண்ணி. "இத்தனை நாளா இது எங்கே இருந்தது? ஒரு கிளைகூட பாக்கி இல்லையே."

சாவு வீட்டில போய் விருந்துக்கு வந்தவ மாதிரி நிக்கிறாளேன்னு எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. கார்டு என்ன சொல்லப் போறாரோன்னு திரும்பினா, மனுஷன் முகம் மலர்ந்து நிக்கிறார்.

"எல்லாரும் இந்த மரத்தைப் பார்த்துட்டுச் சும்மா தாண்டிப் போயிடுவாங்க தங்கச்சி. நின்னு பார்த்த முதல் ஆள் நீங்கதான். இது அவ வெச்ச மரம். அவ இருந்த வரைக்கும் பூக்கிற வயசு இதுக்கு வரலை. அவ போன அடுத்த குளிர்லதான் முதல்ல பூத்தது. அப்புறம் வருஷா வருஷம் கூடிக்கிட்டே வருது" என்றார்.

இவள் கை பூதக்கண்ணாடியை எடுக்கப் பைக்குள்ள போயிருந்தது. அங்கேயே நின்னுடுச்சு. வாயைத் திறந்தாள், மூடிட்டாள். இத்தனை வருஷத்தில அவள் பேச வந்ததை முழுங்கினதை நான் அன்னைக்குத்தான் பார்த்தேன்.

"அண்ணா, எனக்கு ஒரு கிளை கிடைக்குமா?"

"ஒண்ணு என்ன, நாலு எடுத்துக்கோங்க" என்று அவரே கத்தி கொண்டு வந்து வெட்டிக் குடுத்தார்.

பஸ்ஸில வரும்போது காகிதத்தில சுத்தின அந்தக் கிளையைக் கைக்குழந்தை மாதிரி மடியில வெச்சுக்கிட்டு வந்தாள். மக நடுவில உட்கார்ந்து, "அம்மா, உன் கால்ல விழறேன். அது பூச்சின்னு மட்டும் வாயைத் திறந்துடாதே. மாமா அதைப் பத்தி என்கிட்ட எத்தனை தடவை பேசியிருக்கார் தெரியுமா?" என்றாள். கல்யாணம் ஆகலை, அதுக்குள்ள மாமா.

வண்டுங்களுக்கு யோகம். வாரா வாரம் கார்டு மகன் கையில ஒரு கட்டுக் கிளை குடுத்தனுப்புவார். சம்பந்தியம்மாவுக்குப் பூன்னா உயிராம், ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சார். வண்டு தின்னு கொழுத்தது. இவள் மட்டும் இளைச்சுக்கிட்டே போனாள்.

"நீ ஏன் இப்படி அல்லாடறே? அவருக்குச் சந்தோஷம், உன் வண்டுக்குச் சாப்பாடு, மகளுக்குக் கல்யாணம். யாருக்கு நஷ்டம்? நான் எத்தனை பேருக்குத் தைக்கிறேன், ஒருத்தர்கிட்டயாவது உங்களுக்குத் தொப்பை போட்டுடுச்சுன்னு சொல்லியிருக்கேனா? ஓரத்தில துணி விட்டுத் தைச்சுட்டுப் போறேன்" என்றேன்.

"தொப்பையால சட்டைதாங்க கிழியும். இது மரம், செத்துடும். இந்த வாரம் வந்த கிளையில நுனி பூரா பழுப்பு. இன்னும் ரெண்டு குளிர் தாங்காது."

"அப்போ சொல்லிடு."

"சொன்னா மருந்து அடிச்சுடுவார். யாரா இருந்தாலும் அதான் செய்வாங்க. என் பசங்க நாலு நாள்ல செத்துப் போகும். பாதை இன்னும் திறக்கலை."

அவள் வண்டுங்களைப் பசங்கன்னுதான் சொல்வாள். அன்னைக்கு அதைக் கேட்டு எனக்குக் கிண்டல் பண்ணத் தோணலை.

கடைசியில அவளே கார்டைக் கண்ணாடி வீட்டுக்கு வரச் சொன்னாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கிட்டுப் போனாள். மேஜையில மைக்ரோஸ்கோப். கீழே ஒரு துண்டுக் குச்சியை வெச்சு, பாருங்கண்ணா என்றாள். அவர் கண்ணாடியைக் கழட்டிட்டு ஒரு கண்ணை மூடிக்கிட்டுப் பார்த்தார். இவள் பக்கத்தில நின்னு, ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி எல்லாத்தையும் சொன்னாள். முட்டை, குஞ்சு, வாய்நூல், கோடைத் தூக்கம், பஞ்சு.

அவர் ரசிச்சுக் கேட்டார். "ஆக, ஏறின உடனே சீட்டைப் பிடிச்சுக்கிட்டு இறங்கவே மாட்டேங்குது. டிக்கெட்டும் கிடையாது. இந்த மாதிரி ஆளுங்களை நான் சர்வீஸ்ல நிறையப் பார்த்திருக்கேன்" என்று சிரிச்சார். அப்புறம் கேட்டார், "இது எந்த மரத்துக் குச்சி தங்கச்சி?"

"உங்க வீட்டு மரம் அண்ணா."

மறுபடியும் குனிஞ்சு பார்த்தார். ரொம்ப நேரம் நிமிரவே இல்லை.

"அப்போ பூ?"

"பூ இல்லண்ணா."

அவர் தன் கண்ணாடியை எடுத்துத் துடைச்சார். போட்டுக்கலை, துடைச்சுக்கிட்டே இருந்தார். இவள்தான் பேசினாள். "மருந்து அடிச்சா சீக்கிரம் போயிடும். உங்க மரம், உங்க இஷ்டம். இல்லைன்னா கிளைக்குக் கிளை வலைத்துணியில பை கட்டி என் வண்டை உள்ள விடலாம். மெதுவாத்தான் தின்னும். மரமும் பிழைக்கும், என் வண்டும் பிழைக்கும்."

"முதல் நாளே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"ஏன் சொல்லலை?"

"என் வண்டுக்குச் சாப்பாடு வேணும்னுதான் முதல்ல சும்மா இருந்தேன். பொய் சொல்ல மாட்டேன். ஆனா அது மட்டும் இல்லண்ணா. நீங்க அந்த மரத்தைப் பார்க்கிற மாதிரி இவர் என்னை ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. அதை எப்படி நான் கெடுக்கிறது?"

நடுவில என்னை எதுக்கு இழுக்கிறாள்னு நான் முறைச்சேன். கார்டு சிரிக்கலை. வெச்ச டீயைத் தொடாம வெளியே போயிட்டார்.

வீட்டில மக பேச்சை நிறுத்திட்டாள். அம்மாகிட்ட சொல்ல வேண்டியதையெல்லாம் என்கிட்ட சொல்லி, அப்பா, அவங்ககிட்ட சொல்லுங்கன்னாள். மெக்கானிக் பையன் கிளை கொண்டு வரலை. கடைசிக் கிளை காய ஆரம்பிச்சது. இவள் அதை ஈரத்துணியில சுத்தி, இலை இலையா திருப்பி, ஒரு வெள்ளைப் புள்ளி பாக்கி இருந்தாலும் அங்கே கொண்டு போய் வண்டை விட்டாள். பூச்சி டாக்டரும் அவர் பங்குக்கு நாலா பக்கமும் ஆள் அனுப்பித் தேடினார். ஒண்ணும் கிடைக்கலை.

அந்த வார முடிவில நான் கடை திறக்கும்போது கார்டு வாசல்ல நிக்கிறார். கல்யாணப் பேச்சு முறிஞ்சுதுன்னு சொல்ல வந்திருக்கார்னுதான் நினைச்சேன்.

"டேப்பை எடுத்துக்கிட்டு வாங்க சம்பந்தி. கிளைக்கு அளவு எடுக்கணும்" என்றார்.

"மருந்து அடிக்கலையா?"

"பம்பு வாங்கிட்டேன். கரைச்சும் வெச்சுட்டேன். தூக்கிக்கிட்டுப் போய் நின்னா கை வரலை. அவ கையால வெச்ச மரம். அதோட, பூச்சியோ புழுவோ, இத்தனை வருஷமா குளிர் வந்தா அதைத்தானே பார்த்துக்கிட்டிருந்தேன்." கொஞ்ச நேரம் என் தையல் மெஷினையே பார்த்தார். "வண்டு தின்னட்டும். ஆனா ரொம்ப வேகமா வேண்டாம்னு தங்கச்சிகிட்ட சொல்லுங்க."

என் கடையில எத்தனையோ விதமான ஆளுக்கு அளவு எடுத்திருக்கேன். ஏணி போட்டு ஏறி ஒரு மரத்துக்கு அளவு எடுத்தது அதுதான் முதல் தடவை. கொசுவலைத் துணியை விட நெருக்கமான வலை. வாய்ப்பக்கம் நாடா, பக்கவாட்டில ஜிப். கார்டு கீழே நின்னு மேல் பையைவிடக் கீழ்ப் பை அரை இஞ்ச் குட்டைன்னு குறை சொல்லுவார். மரத்துக்கு எதுக்குய்யா பேஷன்னு நான் கத்துவேன். இவள் ஒவ்வொரு பைக்குள்ளயும் தூரிகையால வண்டைத் தட்டி விடுவாள். தெருவில போறவங்க மரத்துக்கு உள்பாடி போட்டிருக்கீங்களான்னு கேட்டுட்டுப் போனாங்க.

கார்டு அதுக்கப்புறம் வண்டுக்கே கார்டா ஆயிட்டார். காலையில போன் அடிக்கும். "தங்கச்சி, மூணாவது பையில இருக்கிறது இன்னும் எழுந்திருக்கலை." சாயங்காலம் அடிக்கும். "கிழக்குப் பையில ரெண்டு சண்டை போடுது." அது சண்டை இல்லண்ணா என்று இவள் சொன்னதும் டக்குன்னு போனை வெச்சுட்டார். ஒரு வழியா பாதை திறந்த அன்னைக்கு, பாதிப் பைகளைக் கிளையோட வெட்டி ஜீப்பில ஏத்தினாங்க. கார்டு தானும் வருவேன்னு அடம் பிடிச்சு ஏறினார். காட்டில முதல் பையை அவிழ்க்கிற நேரத்தில உள்சட்டையிலிருந்து எதையோ உருவினார். பார்த்தா அவரோட பழைய பச்சைக் கொடி. நிஜமாவே ஆட்டினார். பூச்சி டாக்டர் திரும்பி நின்னு தோள் குலுங்கச் சிரிச்சதை நான் பார்த்தேன்.

மக கல்யாணம் நல்லபடியா முடிஞ்சது. அவங்க அம்மாவோட எப்போ மறுபடி பேச ஆரம்பிச்சாள்னு எனக்குத் தெரியாது. கல்யாணச் சட்டைக்கு நான் ராப்பகலா பொத்தான் தைச்சுக்கிட்டிருந்தப்போ ரெண்டு பேரும் சேர்ந்து என்னைக் கேலி பண்ணினாங்க, அப்போதான் கவனிச்சேன்.

அடுத்த குளிர்ல மரம் பச்சையா நின்னது. கார்டு போன் பண்ணி, "இந்த வருஷம் ஒண்ணும் இல்லை தங்கச்சி" என்றார். நல்லதுண்ணா என்று இவள் சொன்னாள். ஆமா, நல்லதுதான்னு சொல்லிட்டு வெச்சுட்டார். இவள் போனைக் கையில வெச்சுக்கிட்டே உட்கார்ந்திருந்தாள். நான் உருப்படியா அன்னைக்குச் செஞ்சது ஒண்ணுதான், பூச்சியைப் பத்தி நானா ஒரு கேள்வி கேட்டேன்.

அதுக்கும் அடுத்த வருஷம், குளிர் போய்ப் புதுத்துளிர் விடற சமயம். ஞாயித்துக்கிழமை மக வீட்டுக்குச் சாப்பிடக் கிளம்பிக்கிட்டிருந்தோம். நான் எனக்குன்னு ஒரு வெள்ளைச் சட்டை தைச்சுப் போட்டிருந்தேன், ஒரு சுருக்கம் இல்லாம. கார்டு போன்.

"தங்கச்சி, மறுபடியும் வந்திருக்கு. இந்தத் தடவை மஞ்சளா."

இவள் முகம் செத்துப் போச்சு. பைக்குள்ள பூதக்கண்ணாடி, தூரிகை, டப்பா எல்லாம் எடுத்துக்கிட்டாள். போய்ப் பார்த்தா, கார்டு மரத்தைத் தொடாம ஓரமா நிக்கிறார். கிளை நுனியில கொத்துக் கொத்தா, விரல் நகம் அளவுக்கு மஞ்சளா ஏதோ முளைச்சிருக்கு. இவள் குனிஞ்சு கண்ணாடியை வெச்சுப் பார்த்தாள். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தாள். ஒரு கொத்தை விரலால லேசா தட்டினாள். குபுக்குன்னு மஞ்சள் தூள் கிளம்பி, காத்தில பரவி, பக்கத்தில நின்ன என் சட்டை மேல வந்து விழுந்துச்சு.

"என்ன பூச்சி இது?" என்றார் கார்டு.

இவள் நிமிர்ந்தாள். இத்தனை வருஷமா பைன் மரத்தோட நோயைத்தான் பார்த்தவள், மரத்தை எங்கே பார்த்தாள்?

"பூச்சி இல்லண்ணா. இதுதான் பைன் பூ. இப்போதான் முதல் தடவையா பூத்திருக்கு."

கார்டு பக்கத்தில வந்தார். கிளையைத் தொட்டார். தொட்ட விரலை முகத்துக்கு நேரா பிடிச்சுப் பார்த்தார். நான் என்ன பண்றதுன்னு தெரியாம, சட்டையில விழுந்த தூளைத் தட்டக் கையைத் தூக்கினேன்.

"தட்டாதீங்க சம்பந்தி. கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றார்.

சட்டையில ஒரு புள்ளி விழுந்தா எனக்குப் பொறுக்காது. அன்னைக்குப் பூரா அப்படியேதான் இருந்தேன்.